எந்தக் கால்குலேட்டர் வாங்குவது?



ஜூன் பிறந்துவிட்டால் நம் இதழின் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் கதை, கட்டுரை பற்றிய பேச்சு குறைந்து பள்ளி, கல்லூரிக் கேள்விகள் கூடிவிடும். இந்த ஆண்டு ஒரே கேள்வி பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. சென்னையில் ஐபி என்னும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்திருக்கும் மகனுக்காக ஓர் அம்மா கேட்கிறார். சிங்கப்பூரில் ஜூனியர் காலேஜில் படிக்கும் மகளுக்காக ஓர் அப்பா கேட்கிறார். கோவையில் பொறியியல் முதலாண்டு சேரப்போகும் ஒரு தம்பியும் கேட்கிறார். "கிராஃபிங் கால்குலேட்டர் வாங்க வேண்டும், எது நல்லது?" முதல் இருவருக்கும் பள்ளியிலேயே வாங்கச் சொல்லிவிட்டார்கள். தம்பிக்கு யாரும் சொல்லவில்லை. காணொளியில் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். ஆசைப்படுவதில் தப்பில்லை, அதற்கும் பதில் இருக்கிறது.

கிராஃபிங் கால்குலேட்டரைப் பார்த்திராதவர்களுக்கு ஓரிரு வரிகள். நம் பிள்ளைகள் கையில் இருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒரு கணக்கைக் கொடுத்தால் ஓர் எண்ணைத் தரும். கிராஃபிங் கால்குலேட்டருக்கு ஒரு சார்பைக் கொடுத்தால் அதன் வளைகோட்டையே பெரிய திரையில் வரைந்து காட்டும். அந்தக் கோடு எக்ஸ் அச்சை எங்கே வெட்டுகிறது, இரண்டு கோடுகள் எங்கே சந்திக்கின்றன, ஒரு புள்ளியில் சாய்வு எவ்வளவு, கோட்டுக்குக் கீழே பரப்பு எவ்வளவு என்றெல்லாம் சொல்லும். எண்களைப் பட்டியலாகக் கொடுத்தால் அவற்றுக்குப் பொருந்தும் நேர்கோட்டைக் கண்டுபிடிக்கும். அணிகளைப் பெருக்கும். நாமே நிரல் எழுதி அதில் ஓட்டவும் செய்யலாம். இந்தக் கடைசி வசதிதான் நம் ஊர்ப் பொறியியல் கல்லூரித் தேர்வு அறைகளில் அதற்குக் கதவை அடைத்துவிடுகிறது.

ஆகவே கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தத் தேர்வு எழுதப் போகிறீர்கள் என்பது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ கணிதம் எழுதுகிறவருக்கு இந்தக் கருவியால் தேர்வில் ஒரு பயனும் இல்லை. சிபிஎஸ்இ கணிதத் தேர்வுக்கும் அப்படியே. ஜேஇஇ, நீட் இரண்டிலும் சாதாரண கால்குலேட்டருக்குக்கூட இடம் கிடையாது. பொறியியல் கல்லூரிகளில் நிரல் எழுத முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டரை அனுமதிப்பார்கள். அதனால்தான் காசியோ எஃப்எக்ஸ்-991 என்ற பெயர் தலைமுறை தலைமுறையாக அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான கேட் தேர்விலோ சொந்தக் கால்குலேட்டரே எடுத்துப்போக முடியாது. கணினித் திரையில் அவர்களே தரும் கால்குலேட்டரை மவுஸால் அழுத்தித்தான் கணக்குப் போட வேண்டும். அந்தத் திரைக் கால்குலேட்டரில் பழகாமல் போய்த் தடுமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். கோவைத் தம்பி அதில் இப்போதே பழகத் தொடங்குவது நல்லது.

தேவைப்படுகிறவர்கள் யார்? ஐபி டிப்ளமா கணிதத்தில் 'அனாலிசிஸ்' பிரிவு எடுத்தால் முதல் தாளைக் கால்குலேட்டர் இல்லாமல் எழுத வேண்டும், இரண்டாம் தாளுக்குக் கிராஃபிங் கால்குலேட்டர் வேண்டும். 'அப்ளிகேஷன்ஸ்' பிரிவு எடுத்தால் எல்லாத் தாள்களுக்கும் வேண்டும். சிங்கப்பூர் ஏ-லெவல் எச்2 கணிதம், கையில் அது இருக்கிறது என்று வைத்துக்கொண்டே கேள்வி கேட்கிறது. அமெரிக்காவின் ஏபி கால்குலஸ் தேர்வில் 1995 முதல் அது கட்டாயம். அங்கும் ஒரு பகுதியை இப்போது கால்குலேட்டர் இல்லாமல்தான் எழுத வேண்டும். பிரிட்டனில் ஏ-லெவல் எழுதும் பிள்ளைகளுக்கு அனுமதி உண்டு, கட்டாயமில்லை. புள்ளியியல் பரவல்களைக் கணக்கிடும் 991 வகைப் புதிய மாடல் ஒன்றே போதும் என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சில உயர்ரக மாடல்களில் இயற்கணிதமும் தெரியும். எண்ணை மட்டும் அல்லாமல் எழுத்துகளையே வைத்துக் காரணிப்படுத்தும், வகையிடும், தொகையிடும். இதற்குச் சிஏஎஸ் என்று பெயர். விலை அதிகம் என்பதால் நல்லது என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். சிங்கப்பூர் எச்2 தேர்வில் அதற்குத் தடை. அமெரிக்காவின் ஏசிடி தேர்விலும் தடை. ஏபி கால்குலஸ் மட்டும் அனுமதிக்கிறது. அந்த அனுமதிக்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1995-ல் கொண்டுவந்த டிஐ-92, சிஏஎஸ் உள்ள கருவி. அதில் தட்டச்சு இயந்திரம் போல முழு விசைப்பலகை இருந்ததால் அதைக் கணினி என்று சொல்லித் தேர்வு அறைக்குள் விடவில்லை. 1998-ல் ஏறக்குறைய அதே மூளையை, அந்த விசைப்பலகையை எடுத்துவிட்டு, டிஐ-89 என்று சின்ன உடம்பில் கொடுத்தார்கள். உள்ளே விட்டுவிட்டார்கள்.

கிராஃபிங் கால்குலேட்டரின் கதையே தேர்வு அறையோடு பின்னியதுதான். கையடக்க சயின்டிஃபிக் கால்குலேட்டர் 1972-ல் வந்தது. ஹியூலெட் பேக்கார்டின் எச்பி-35, விலை 395 டாலர். வளைகோடு வரையும் முதல் கருவியை 1985-ல் காசியோ கொண்டுவந்தது. எஃப்எக்ஸ்-7000ஜி என்ற அந்தக் கருவியில் நிரலுக்கு இருந்த இடம் 422 பைட். நான் இப்போது எழுதும் இந்தப் பத்தியில் பாதிகூட அதற்குள் அடங்காது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்ட் வெய்ட்ஸ், ஃபிராங்க் டிமானா என்ற இரண்டு பேராசிரியர்கள் இந்தக் கருவியைப் பள்ளி வகுப்புக்குள் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். 1990-ல் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பள்ளிக்கென்றே டிஐ-81 செய்தபோது அவர்களிடம் யோசனை கேட்டுக்கொண்டது. பிறகு 82, 83, 2004-ல் டிஐ-84 பிளஸ். பாடப்புத்தகங்களே அந்தப் பொத்தான்களின் படத்தோடு அச்சாயின. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அதிலேயே நடந்தது.

அதன் விளைவு விலையில் தெரிகிறது. டிஐ-84 பிளஸின் உள்ளே இருப்பது, 1976-ல் வந்த ஸைலாக் இசட்80 வகைச் சிப். திரையில் 96-க்கு 64 புள்ளிகள். கைபேசி உலகில் இதெல்லாம் அருங்காட்சியகச் சரக்கு. ஆனாலும் அமெரிக்காவில் புதிதாக வாங்கினால் இன்றும் நூறு டாலரை ஒட்டித்தான் விலை. தேர்வு வாரியத்தின் பட்டியலில் பெயர் இருக்கும் வரை விலையைக் குறைக்க யாருக்கும் அவசரம் இல்லை. பிள்ளைகள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்த சந்தை இப்படித்தான் நடந்துகொள்ளும். எனக்கு இதில் கசப்பு உண்டு என்பதை மறைக்கவில்லை.

சரி, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எதை வாங்குவது? என் பதிலில் சுவாரஸ்யம் குறைவு. வகுப்பாசிரியர் எதை வைத்துப் பாடம் நடத்துகிறாரோ அதை வாங்குங்கள். வசதிகளை ஒப்பிட்டு, புள்ளிகளை எண்ணி, விமர்சனங்களைப் படித்து வேறு ஒன்றை வாங்கும் பிள்ளை, "இப்போது செகண்ட், பிறகு டிரேஸ், ஐந்தாவது வரி" என்று ஆசிரியர் சொல்லும்போது தன் கருவியில் அந்தப் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கும். பக்கத்து பெஞ்சிலும் உதவிக்கு ஆள் இருக்காது. சிங்கப்பூர் அப்பாவுக்கு இதனால் வேலை சுலபம். அங்கே வகுப்புகளில் அதிகம் கண்ணில் படுவது டிஐ-84 குடும்பம். மகளின் கல்லூரியில் எது என்று ஒரு வார்த்தை கேட்டு, தேர்வு வாரியத்தின் அனுமதிப் பட்டியலில் மாடல் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். ஒரே பெயரில் சின்ன மாற்றம் இருந்தாலும் சிஏஎஸ் உள்ளதாகிவிடலாம்.

ஆசிரியர் "எது வேண்டுமானாலும் சரி" என்று சொல்லிவிட்டால் கொஞ்சம் யோசிக்கலாம். டிஐ-84 பிளஸ் சிஇ வண்ணத் திரை, சார்ஜ் ஏற்றும் பேட்டரி, சுற்றிலும் அதைத் தெரிந்தவர்கள் நிறைய. காசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 விலை குறைவு, திரை அழகு, கடையில் கிடைக்கும் நான்கு மெல்லிய பேட்டரிகளில் ஓடும். அதன் மெனு படங்களாக இருப்பதால் புதியவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். பட்ஜெட் இறுக்கம் என்றால் கறுப்பு வெள்ளைத் திரையுள்ள எஃப்எக்ஸ்-9750ஜி மூன்றாம் பதிப்பு போதும், கணிதத்துக்கு வண்ணம் ஒரு சௌகரியம்தான். பிரான்சில் 2017-ல் பிறந்த நம்வொர்க்ஸ், பழைய கருவிகளின் சிடுக்கு மெனுக்களை ஒதுக்கிவிட்டுப் புதிதாக யோசித்துச் செய்தது. பைத்தானில் நிரல் எழுதலாம். வாங்காமலே அதன் மாதிரியை இணையத்தில் தட்டிப் பார்க்கலாம். எச்பி பிரைம் தொடுதிரையோடு வரும் பலசாலி, ஆனால் சிஏஎஸ் உள்ளது. தேர்வுக்கென்று வாங்குகிறவர்கள் பட்டியலைப் பார்க்காமல் அதன் பக்கம் போக வேண்டாம். என்னைக் கேட்டால், ஆசிரியர் கட்டாயப்படுத்தாத பிள்ளைக்குக் காசியோ சிஜி50.

பழையது வாங்குவதில் கூச்சமே வேண்டாம். இந்தக் கருவிகள் பத்துப் பதினைந்து ஆண்டு உழைக்கும். முந்தைய ஆண்டு படித்து முடித்தவர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். பேட்டரி மூடியைத் திறந்து உலோகப் பட்டைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேட்டரி கசிந்த அடையாளம் அது. எல்லாப் பொத்தான்களையும் ஒருமுறை அழுத்துங்கள். ஏதாவது ஒரு வளைகோட்டை வரையச் சொல்லி, திரையில் செத்த கோடு உண்டா என்று பாருங்கள். நம் ஊரில் காசியோ 991 வாங்குகிறவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை, போலிகள் நிறைய உலவுகின்றன. நம்ப முடியாத விலை என்றால் நம்பாதீர்கள், ரசீது கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

வாங்கியாயிற்று. இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் அந்த எட்டு மதிப்பெண் வரைபடக் கேள்வியை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பரவளையம் வரைய வேண்டும், அதே தாளில் ஒரு நேர்கோடு போட வேண்டும், இரண்டும் வெட்டும் இடத்தில் எக்ஸ் மதிப்பைப் படித்துத் தீர்வு எழுத வேண்டும். தாளின் வலது மேல் மூலையில் அளவுத்திட்டம் எழுத மறந்தால் மதிப்பெண் போகும். கிராஃபிங் கால்குலேட்டரில் 'இன்டர்செக்ட்' என்று இருப்பது இந்தக் கேள்வியேதான். 'விண்டோ' பொத்தானை அழுத்தினால் வரும் எக்ஸ் குறைந்தபட்சம், எக்ஸ் அதிகபட்சம், ஒய் குறைந்தபட்சம், ஒய் அதிகபட்சம் எல்லாம் அந்த வலது மூலை அளவுத்திட்டம்தான். கையால் வரைந்து பழகிய பிள்ளைக்கு இந்தக் கருவி ஒரு வாரத்தில் வசப்படும். வரையாமல் நேரே பொத்தானுக்குப் போன பிள்ளை திரையில் எது வந்தாலும் நம்பிவிடும்.

திரை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று பாருங்கள். எக்ஸ் வர்க்கம் கூட்டல் 40 என்று கொடுத்து வரையச் சொல்லுங்கள். வெறும் அச்சுகள்தான் தெரியும். கருவி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். வழக்கமான திரை அளவு இரண்டு அச்சிலும் -10 முதல் 10 வரை, நம் பரவளையமோ 40-க்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஆரம் 5 உள்ள வட்டத்தை வரையச் சொன்னால் படுத்துக் கிடக்கும் முட்டை வரும். திரை உயரத்தைவிட அகலம் என்பதால் ஓர் அலகு இரண்டு அச்சிலும் ஒரே நீளமாக இருப்பதில்லை. 'ஜூம்' பட்டியலில் 'ஸ்கொயர்' என்று ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் வட்டம் வட்டமாகும். அப்போதும் பழைய மாடல்களில் வட்டத்தின் இரண்டு ஓரங்களிலும் எக்ஸ் அச்சுக்குப் பக்கத்தில் சின்ன இடைவெளி இருக்கக்கூடும். கருவி கோடு வரைவதில்லை, புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டுச் சேர்க்கிறது. சரியாக 5-ல் ஒரு புள்ளி விழாவிட்டால் மூட முடியாது. 1-ஐ (எக்ஸ் - 2) ஆல் வகுக்கும் சார்பைக் கொடுத்தால் எக்ஸ் = 2-ல் இல்லாத செங்குத்துக் கோட்டைச் சில பழைய கருவிகள் இழுத்துவிடும். மேலே போன புள்ளியையும் கீழே வந்த புள்ளியையும் அப்பாவியாக இணைத்ததன் விளைவு. அதைத் தொலைத்தொடுகோடு என்று நினைத்து விடைத்தாளில் சார்பின் ஒரு பகுதியாகவே வரைந்துவிடுகிறார்கள்.

இதைவிட நல்ல உதாரணம் ஒன்று, வீட்டில் செய்து பாருங்கள். 2-ன் எக்ஸ் அடுக்கு ஒரு பக்கம், எக்ஸின் 10-ஆம் அடுக்கு மறுபக்கம். இரண்டும் எங்கே சமம்? வழக்கமான திரையில் இரண்டு கோடுகளும் இரண்டு இடங்களில் வெட்டும். ஒன்று -0.94-க்குப் பக்கம், இன்னொன்று 1.08-க்குப் பக்கம். இரண்டு விடையை எழுதிவிட்டு எழுந்துபோய்விடலாம் என்று தோன்றும். ஆனால் அடுக்குக்குறிச் சார்பு எந்தப் பல்லுறுப்புக் கோவையையும் எப்போதாவது ஒருநாள் முந்தியே தீரும் என்று வகுப்பில் படித்த பிள்ளைக்கு உறுத்த வேண்டும். 1.08-ஐத் தாண்டியதும் எக்ஸின் 10-ஆம் அடுக்கு மேலே போய்விட்டது. அப்படியென்றால் 2-ன் அடுக்கு அதை மறுபடி எங்கேயோ பிடித்தாக வேண்டும். எங்கே? எக்ஸ் ஏறத்தாழ 58.77 ஆகும்போது. அந்த இடத்தில் ஒய் மதிப்பு சுமார் 5-ஐ அடுத்துப் பதினேழு சுழியங்கள். பத்து வரை மட்டும் பார்க்கும் திரையில் அது எப்படித் தெரியும்? திரையை அந்த உயரத்துக்கு இழுத்தால் முதல் இரண்டு வெட்டுகளும் அச்சோடு அச்சாக நசுங்கிவிடும். கெட்டிக்காரப் பிள்ளை இன்னொன்று செய்யும். இரண்டு பக்கமும் மடக்கை எடுத்துவிடும். எக்ஸ் பெருக்கல் மடக்கை 2 ஒரு நேர்கோடு. 10 பெருக்கல் மடக்கை எக்ஸ் மெல்ல வளையும் கோடு. இயல் மடக்கையில் ஒய் 50 வரை, எக்ஸ் 70 வரை வைத்தால் மூன்றாவது வெட்டு பளிச்சென்று தெரியும். (இப்படிச் செய்தால் எதிர்ம விடை காணாமல் போகும். ஏன் என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள்.) இந்த வேலையில் கருவி செய்தது கொஞ்சம். எங்கே தேட வேண்டும் என்று சொன்னது கணிதம் தெரிந்த தலை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசில்லை. கறுப்பு வெள்ளை டிஐ-84 கையில் இருந்தால் ரேடியன் முறையில் வைத்து, சைன் 48எக்ஸ் என்று கொடுத்து, ஜூம் பட்டியலில் ஏழாவதான டிரிக் அளவை அழுத்துங்கள். எக்ஸ் அச்சின் மேலேயே ஒரு கோடு படுத்துவிடும், அலை எதுவும் இருக்காது. சைன் 49எக்ஸ் கொடுங்கள். சாதாரண சைன் எக்ஸின் அலை, கிட்டத்தட்ட இரண்டே இரண்டு, அழகாக வரும். உண்மையில் அந்த அகலத்துக்குள் ஏறத்தாழ 96 அலைகள் இருக்க வேண்டும். காரணம் இதுதான். அந்தத் திரை அகலத்தில் வரைவது 95 புள்ளிகள், ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி பை வகுத்தல் 24. அதை 48-ஆல் பெருக்கினால் சரியாக 2 பை, ஒரு முழுச்சுற்று. ஒவ்வொரு புள்ளியிலும் அலை புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறது, கருவிக்கு எல்லாமே சுழியமாகத் தெரிகிறது. 49 என்றால் முழுச்சுற்றுக்கு மேல் மிஞ்சும் துண்டு மட்டும் தெரிகிறது. அந்தத் துண்டுதான் சைன் எக்ஸ். பொய் சொல்லும் நோக்கம் கருவிக்கு இல்லை. கேட்ட இடங்களில் மட்டும் பார்த்து, பார்த்ததைச் சொல்கிறது. இந்த ஒரு கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டும் ஆசிரியர், மாணவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் உதவும் சந்தேகத்தைக் கற்றுக்கொடுக்கிறார்.

அன்றாடத் தவறுகள் இவ்வளவு கவர்ச்சியானவை அல்ல, ஆனால் மதிப்பெண்ணை அதிகம் தின்பவை அவைதான். பாகையா ரேடியனா என்று பார்க்காமல் சைன் 30 அழுத்தி -0.988 வாங்குவது முதலிடம். டிஐ கருவிகளில் கழித்தல் பொத்தான் வேறு, எதிர்மக் குறிப் பொத்தான் வேறு. மாற்றி அழுத்தினால் பிழை என்று திட்டும். -3-ஐ அடைப்பில்லாமல் வர்க்கப்படுத்தினால் -9 வரும், அது கருவியின் குற்றமல்ல. இன்னொரு பழைய சண்டை, 6 வகுத்தல் 2(1+2). புதிய காசியோ 991 மாடல்கள் 1 என்கின்றன, டிஐ-84 பிளஸ் 9 என்கிறது. இரண்டும் தத்தம் விதிப்படி சரிதான். அடைப்புக்குறி போட்டு எழுதுகிறவருக்கு இந்தச் சண்டையே இல்லை.

விடைத்தாளில் கருவியின் மொழியை எழுதக்கூடாது. இயல்நிலைப் பரவல் கணக்குக்கு 'நார்மல்சிடிஎஃப்' என்று பொத்தான் பெயரையும் அடைப்புக்குள் நான்கு எண்களையும் அப்படியே எழுதிவைக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு. சிங்கப்பூர் பாடத்திட்டம் வழிமுறை காட்டச் சொல்லும் கேள்விகளில் கணிதக் குறியீடுதான் வேண்டும், கட்டளை வேண்டாம் என்று எழுதியே வைத்திருக்கிறது. மாறி எது, சராசரி என்ன, திட்டவிலக்கம் என்ன, எந்த நிகழ்தகவைத் தேடுகிறோம் என்று முதலில் எழுதிவிட்டு விடைக்கு மட்டும் கருவியிடம் போகட்டும். இடையில் வரும் எண்களை முழுசாகக் கருவியில் சேமித்துவைத்து, கடைசியில் மட்டும் முழுமைப்படுத்த வேண்டும். ஐபி கேட்பது மூன்று பொருளுறு இலக்கம், ஏபி கேட்பது மூன்று தசம இடம். இரண்டும் ஒன்றல்ல.

தேர்வு நாளில் நினைவகத்தை அழிக்கச் சொல்வார்கள். டிஐ-84-ல் செகண்ட், கூட்டல், 7, 1, 2. அழித்ததும் எல்லா அமைப்பும் ஆலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். பாகையில் வைத்திருந்தாலும் ரேடியனாகிவிடும். பழைய மாடல்களில் ஒட்டுறவுக் கெழுவைக் காட்டும் 'டயக்னாஸ்டிக்' வசதியும் அணைந்துவிடும். கெழு எங்கே போயிற்று என்று தேர்வு அறையில் வியர்க்க வேண்டாம். அழித்த பிறகு தேவையான அமைப்புகளைத் திரும்ப வைப்பதை வீட்டிலேயே இரண்டு முறை பழகிக்கொள்ளட்டும். பிள்ளை தானே எழுதிய நிரல்களோ விளையாட்டுகளோ இருந்தால் முன்கூட்டியே கணினியில் நகல் எடுத்துவைக்கட்டும். விளையாட்டு என்றதும் முகம் சுளிக்காதீர்கள். அமெரிக்காவில் பின்பெஞ்சில் உட்கார்ந்து டிஐ கருவியில் பாம்பு விளையாட்டு எழுதியே நிரல் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம்.

இவ்வளவையும் கைபேசியிலேயே செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆஸ்திரியாவில் 2001-ல் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய ஜியோஜீப்ராவும், 2011-ல் அமெரிக்காவில் தொடங்கிய டெஸ்மாஸும் இலவசம். வளைகோட்டை விரலால் இழுத்துப் பார்க்கும் சுகம் பெரும்பாலான கால்குலேட்டர்களில் கிடையாது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான கணினிவழி எஸ்ஏடி தேர்வில் டெஸ்மாஸை உள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தேர்வுக்காக மட்டும் தனிக் கருவி வாங்குவது வீண் செலவு. மற்ற தேர்வுகளும் மெல்ல அந்தப் பக்கம் நகரலாம். ஆனாலும் இன்றைக்கு ஐபிக்கும் சிங்கப்பூர் ஏ-லெவலுக்கும் மேசையில் இருக்க வேண்டியது பொத்தான் கருவிதான். கைபேசி போல அதில் வாட்ஸப் வராது என்பதும் ஒரு தகுதி.

கோவைத் தம்பிக்கு என் பதில், இப்போது வாங்காதீர்கள். 991 ஒன்று வாங்குங்கள். அதிலேயே 'டேபிள்' என்று ஒரு வசதி இருக்கும். சார்பைக் கொடுத்தால் எக்ஸ் மதிப்புக்கு எதிரே விடைகளை அடுக்கித் தரும். அதை வைத்து வரைபடத்தாளில் கையால் வரையுங்கள். 991இஎக்ஸ், சிடபிள்யூ மாடல்களில் திரையில் வரும் கியூஆர் கட்டத்தைக் கைபேசியால் படமெடுத்தால் வளைகோடே கைபேசியில் வந்துவிடும். சென்னை அம்மாவுக்கு, பள்ளியில் எந்த மாடலில் பாடம் நடக்கிறது என்று கேட்டு, அதையே வாங்குங்கள், முடிந்தால் மேல் வகுப்புப் பிள்ளையிடம் பழையதாக.

மற்ற வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். படிப்பு முடிந்து உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் ஒரு கிராஃபிங் கால்குலேட்டர் சும்மா கிடந்தால், பேட்டரியைக் கசிய விடாமல் இன்றே கழற்றுங்கள். பிறகு அதைத் தேவைப்படும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். கணித ஆசிரியர்களே, கிராஃபிங் கால்குலேட்டர் திரையை ஏமாற்றும் சமன்பாடு ஒன்று உங்கள் கைவசம் இருந்தால் விளக்கத்தோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்